மூன்றாம் எண் ஈறு

ஜூன் 3, செவ்வாய்

அந்தப் பெரியவரின் பல் செட் இன்று மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. பல் இன்னும் வெள்ளையாக வேண்டுமாம். எழுபது வயது வாயில் பள்ளிக்கூடப் பிள்ளையின் பல்லை வைத்தால், அவர் சிரிப்பதற்கு முன்னாலேயே பல் சிரித்துவிடும். இதைப் பல் டாக்டர் எடுத்துச் சொல்ல மாட்டார். திட்டு எல்லாம் செட் செய்கிற லேபுக்குத்தான். முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஷேடு பாத்தது யாரு?" நான்தான் பார்த்தேன். காலை வெளிச்சத்தில், பெரியவரை வடக்கு ஜன்னலோரமாக நிற்கவைத்து, அவர் போட்ட சட்டப்படியே பார்த்தேன். லைட் வெளிச்சத்தில் நிறம் பார்க்கிற ஆளை நானே லேபுக்குள் விடமாட்டேன். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கத்தினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் நாய் ரம்பத்தின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி. பட்டாணி மாதிரி உப்பிப் போயிருந்தது. மெழுகு வேலைக்கு வைத்திருக்கும் இடுக்கியால் பிடுங்கி எரித்தேன். வேறு நாளாக இருந்தால் இடுக்கியையே கடித்துத் துப்பியிருப்பான். இன்று சும்மா படுத்திருந்தான்.

சாயங்காலம் இவர் கூப்பிட்டார். துறைமுகம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு ஷிஃப்டு முடிந்தால்தான் போன் கைக்கு வரும். எங்கள் வீட்டிலோ சமையலறை மூலையில் மட்டும்தான் சிக்னல். ஆக, நாங்கள் குடும்பம் நடத்துவது அடுப்புப் பக்கத்தில், போனில். "ரம்பம் என்ன பண்றான்?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. நான் என்ன பண்ணுகிறேன் என்பது நான்காவதோ ஐந்தாவதோ.

இவருடைய வீட்டுச் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டேன். எழுந்துபோய் எடுக்கச் சோம்பலாக இருக்கிறது. கடித்துத் தொலைக்கட்டும்.

ஜூன் 6, வெள்ளி

செருப்பு அங்கேயே கிடக்கிறது. ஒரு பல் தடம்கூட இல்லை. வந்த முதல் நாளே நாற்காலிக் காலை அறுத்து ரம்பம் என்று பேர் வாங்கியவன் இவன். நான் சந்தோஷப்பட வேண்டும். ஏன் படவில்லை?

ஜூன் 9, திங்கள்

காலையில் சமையலறைத் தரையில் ஒரு சிவப்புச் சொட்டு. என் உடுப்பிலிருந்து உதிர்ந்த அக்ரிலிக் சாயம் என்று நினைத்துத் துடைத்தேன். துடைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. ரம்பத்தின் மூக்கிலிருந்து.

புரட்டிப் பார்த்தேன். வயிறு முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், பேனா முனையால் குத்தின மாதிரி. விரலால் அழுத்தினால் மறையவில்லை. லேபுக்கு வரமாட்டேன் என்று சொல்லக்கூட மறந்து, அப்படியே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். குரலில் அவசரமே கிடையாது. அதுவே பயமாக இருந்தது. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே பேசினார். அழுத்தினார், அழுத்தினார், ரத்தம் நிற்கவே இல்லை. "உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தை உறைய வைக்கிற அணு ரொம்பக் குறைஞ்சிருக்கு. அதான் மூக்குல வருது, தோலுக்கடியில கசியுது."

"உண்ணிய நான் அன்னைக்கே எடுத்துட்டேனே டாக்டர்!"

"நீங்க பாத்தது அப்புறம் வந்தது. கிருமியக் குடுத்தது எப்பவோ கடிச்சிட்டுப் போயிருக்கும்."

எப்பவோ. அந்த எப்பவோவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? யாருடைய பல்லுக்கோ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். தினமும் ஈறைப் பார்க்கச் சொன்னார். தன் உதட்டையே விரலால் தூக்கிக் காட்டினார்: "இப்படிச் செவப்பா இருக்கணும். வெளுத்தா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க. இந்தக் காய்ச்சல்ல அடுத்து அதுதான் பயம்."

ஈறின் நிறம் பார்ப்பதா? டாக்டரம்மா, என் பிழைப்பே அதுதான்.

ஜூன் 10, செவ்வாய்

லேபிலிருந்து ஷேடு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். முதலாளியிடம் சொல்லவில்லை. கேட்டால் "நாய்க்கு ஷேடா?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அடுத்த பல் செட் லேபுக்கு வர இரண்டு நாளாகும், அதற்குள் திருப்பி வைத்துவிடலாம்.

பெட்டிக்குள் இரண்டு கொத்து. சாவிக்கொத்து மாதிரி ஒன்றில் பல் நிறங்கள், இன்னொன்றில் ஈறு நிறங்கள். ஈறுக் கொத்தில் வெளிர் ரோஜாவில் தொடங்கி அடர் சிவப்பு வரை எண் போட்ட அக்ரிலிக் துண்டுகள். ரம்பத்துக்கு மேல் ஈறு பாதி கறுப்பு. இடது கோரைப் பல்லுக்கு மேலே கட்டைவிரல் அகலம் மட்டும்தான் சிவப்பு. அங்கே வைத்துப் பார்த்தேன். மூன்று.

இவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு கையால் உதட்டைத் தூக்கி, மறு கையால் துண்டைப் பிடித்தேன். "அதே கலருதாம்மா! மூணுதான், மூணுதான்!" என்று குதித்தார். கிரேன் மேலே உட்கார்ந்து மலையை நகர்த்துகிற மனுஷன், அழுதுவிடுவார் போலிருந்தது.

ஜூன் 11, புதன்

மூன்று. இரண்டு வாய் சாப்பிட்டான்.

ஜூன் 12, வியாழன்

மூன்று. லேபில் இருக்கும்போது மதியம் திடீரென்று தோன்றியது. இந்த நேரத்தில் வெளுத்துப் போயிருந்தால்? பாதி மெழுகில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். படுக்கையறை இருட்டில் படுத்திருந்தான், என்னைப் பார்த்து வாலை மட்டும் அசைத்தான். உதட்டைத் தூக்கக் கை போனது. சாயங்காலம் இவர் கூப்பிடும்போது சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் மூன்று.

முதலாளி பெட்டியைத் தேடுகிறார். பல் டாக்டர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்கிறார்.

ஜூன் 14, சனி

மூத்திரம் பழுப்பாகப் போகிறான். கொதித்து வற்றின தேயிலைத் தண்ணீர் நிறம். மாத்திரையின் சாயமாக இருக்கும். இருக்குமா? குளியலறைத் தரையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். மூச்சு சின்னச் சின்னதாக, வேகவேகமாக வாங்குகிறான்.

கிளினிக்குக்குப் போன் போட்டேன். டாக்டர் ஏதோ அறுவை சிகிச்சைக்கு நடுவில், யாரோ போனை அவர் காதில் பிடித்திருக்கிறார்கள். "ஈறு எப்படி இருக்கு?" என்று முதலில் அதைத்தான் கேட்டார்.

"செவப்பாதான் இருக்கு டாக்டர். எங்க லேப் ஷேடு வச்சே பாத்தேன். மூணாம் நம்பர், மாறவே இல்ல."

"ஷேடு வச்சா? பரவாயில்லையே. அப்ப திங்கக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க. நடுவுல வெளுத்தா உடனே வாங்க."

மனசு லேசானது. இவரிடமும் சொன்னேன். சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். மூன்று. மூன்றேதான்.

தூக்கும்போது கனமே இல்லையே.

ஜூன் 15, ஞாயிறு

கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

காலையில் வாசற்படி இறங்கும்போது ரம்பத்தின் முன்னங்கால் மடங்கியது. அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. உதடு சரிந்து ஈறு தெரிந்தது.

நான் உள்ளே ஓடி ஷேடு பெட்டியை எடுத்து வந்தேன். பைத்தியக்காரி, அந்த நேரத்திலும் பெட்டி! முதல் எண்ணை வைத்தேன். இருப்பதிலேயே வெளிறின துண்டு அதுதான். அவன் ஈறுக்குப் பக்கத்தில் அது ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. ஈறுக் கொத்தில் அந்த நிறமே கிடையாது. பல் கொத்தில் இருக்கிறது. வயதானவர்களுக்குப் போடுவோமே, மஞ்சள் ஏறின வெள்ளை, அது. ஈறுக்குப் பல்லின் நிறம்.

அப்போதுதான் உறைத்தது. சமையலறை பல்பு. ட்யூப்லைட் போய்விட்டதென்று போன லீவில் இவர் மாட்டிவிட்டுப் போன மஞ்சள் பல்பு. அதன் அடியில் சுண்ணாம்பைக் காட்டினாலும் கொஞ்சம் ரோஜாவாகத்தான் இருக்கும்; துண்டுக்கும் ஈறுக்கும் வித்தியாசமே தெரியாது. மஞ்சள் காமாலையை மஞ்சள் வெளிச்சம் முழுங்கிவிடும். சிக்னல் அங்கே, போன் அங்கே, இவர் அங்கே, அதனால் தினமும் அங்கேயே வைத்துப் பார்த்திருக்கிறேன். லைட் வெளிச்சத்தில் நிறம் பார்க்கிற ஆளை லேபுக்குள் விடமாட்டேன் என்று இதே நோட்டில் பெருமையடித்திருக்கிறேன்.

தெரியாமலா செய்தேன்? வீட்டில் ஜன்னல் இல்லையா? காலை விடியவில்லையா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாசலில் வைத்துப் பார்த்திருக்கலாம். வேறு எண் வந்துவிடுமோ என்று எனக்குள் யாரோ பயந்துகொண்டிருந்தாள். மூன்று சொல்கிற வெளிச்சத்துக்கே அவனைத் தூக்கித் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு ஆட்டிக் காட்டினார். கலந்து பரவ வேண்டிய ரத்தம் திரிந்துபோன பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றது.

"உடம்போட காவல் கிருமியத் தேடிப் போச்சு. கிருமி ஒட்டின அணுவ அடிக்க ஆரம்பிச்சுது. இப்ப எது கிருமி, எது தன்னோட ரத்தம்னு அதுக்கு அடையாளம் தெரியல. நல்ல செவப்பு அணுவையும் சேத்து அடிச்சு நொறுக்குது. வந்ததும் சொன்னீங்களே, மூத்திரம் பழுப்பாப் போச்சுன்னு, அது நொறுங்கின ரத்தம்."

"மாத்திரை கேக்கலையா டாக்டர்?"

"மாத்திரை கிருமிக்கு. இது கிருமியோட அடி இல்ல, இவனோட சொந்த அடி. அதை நிறுத்த ஸ்டீராய்டு குடுத்துக் காவலைக் கட்டிப்போடணும். ரொம்பக் கட்டினா மிச்சமிருக்கற கிருமி தலைதூக்கும். கட்டாம விட்டா ரத்தமே மிஞ்சாது." பிறகு சொன்னார்: "அதுவரைக்கும் தாங்க ரத்தம் வேணும். பெரிய நாயா, ஆரோக்கியமா, யாருகிட்டயாவது இருக்கா?"

எனக்குத் தெரிந்த பெரிய நாய் உலகத்தில் ஒன்றுதான். முதலாளியின் குண்டன். தெருவில் ரம்பத்தைக் கண்டாலே துரத்துகிற அதே குண்டன். அதைப் பற்றி நான் லேபில் பேசாத பேச்சில்லை.

போன் போட்டேன். "ஞாயித்துக்கெழமையில என்ன? யாரு செத்தா?" என்றார்.

"இன்னும் இல்லங்க சார்" என்றேன். ரம்பத்துக்குக் குண்டனின் ரத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். எந்தக் கிளினிக் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டு உடுப்போடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, குண்டனோடு வந்தார். குண்டனின் ரத்தத்தை முதலில் சோதிக்க வேண்டும் என்றதும் முகம் சிவந்தது. "என் நாய்க்கு உண்ணியா?" டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: சில நாய்களுக்குள் இந்தக் கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் வருஷக்கணக்காகக் குடியிருக்குமாம், அந்த ரத்தத்தை ஏற்றினால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதைதான். முதலாளி குண்டனின் கயிற்றை டாக்டரிடம் கொடுத்தார். இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. ரம்பம் உள்ளே. கதவு சாத்தியிருக்கிறது.

கடவுளே, குண்டனுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் அந்தத் தடியனுக்காக நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

அதே நாள், பிறகு

குண்டனுக்கு ஒன்றுமில்லை. கழுத்தில் ஊசி ஏறும்போது மலை மாதிரிப் படுத்திருந்தது. நடுங்கியது முதலாளிதான். ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். பை நிறைந்ததும் டாக்டர் உள்ளே எடுத்துப் போனார். முதல் தடவை என்பதால் வேறு நாயின் ரத்தத்தை உடம்பு பெரும்பாலும் சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ளுமாம். பெரும்பாலும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

ஜூன் 16, திங்கள்

உயிர் இருக்கிறது. கிளினிக்கிலேயே வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் இவர் கூப்பிட்டார். நேற்று சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்திருந்தேன். "எங்க, மூணு காட்டு" என்றார் சிரித்துக்கொண்டே. எல்லாவற்றையும் சொன்னேன். பல்பையும் சொன்னேன். அவர் வெடித்தார். "நீ பல் செட்டுக்காரிதானே? இருவது வருஷமா அதே வேலைதானே பாக்குற? உனக்கே கலர் தெரியலைன்னா வேற யாருக்குடி தெரியும்?"

தெரியும்ங்க. யாருக்குமே தெரியாத அளவுக்கு எனக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். போனை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறி, அந்த பல்பைக் கழற்றிக் குப்பையில் எறிந்தேன். இருட்டில்தான் சோறு தின்றேன். தின்றேன் என்று சொல்ல முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

விடிந்ததும் விடியாததுமாக இவரிடமிருந்து போன். நான் தேடிப் பிடித்து எடுப்பதற்குள் மூன்று முறை அடித்துவிட்டது. "ராத்திரி ஷிஃப்டுக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டேன்" என்றார். "இனி காலையிலதான் கூப்பிடுவேன்." பிறகு, "பல்ப மாட்டினது நாந்தானே" என்றார்.

"நீங்க பல்ப மாட்டினீங்க. அதுக்குக் கீழ கொண்டுபோய் அவனை வச்சது நானு" என்றேன். அவர் பக்கத்தில் கடல் சத்தம் கேட்டது.

ஜூன் 18, புதன்

ஏற்றின ரத்தம் குறைகிறது. காலையில் பார்த்த அளவு நேற்றைவிடக் கீழே. உடம்பு குண்டனின் ரத்தத்தையும் அடிக்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டேன். டாக்டர் அளவு எழுதின காகிதத்தையே மறுபடி பார்த்தார்.

"இன்னொரு பை குடுக்கலாமா டாக்டர்? முதலாளி குண்டனைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டாரு."

"குண்டன்கிட்ட இப்ப மறுபடி எடுக்கக் கூடாது. வேற நாய் கிடைச்சாலும், முதல் தடவை மாதிரி எடுத்த எடுப்புல ஏத்த முடியாது. அன்னிய ரத்தத்தை இந்நேரம் இவன் உடம்பு அடையாளம் கண்டு வச்சிருக்கும். ரெண்டு ரத்தத்தையும் கலந்து பாத்து, ஒத்துப்போனாத்தான் ஏத்தலாம். தப்பா ஏத்தினா அதுவே கொன்னுடும். ஸ்டீராய்டு வேலை செய்ய நேரம் எடுக்கும். அது வரைக்கும் இருக்கறத வச்சு ஓட்டணும்."

தன்னுடைய ரத்தத்தை அடையாளம் தெரியவில்லை. அடுத்தவன் ரத்தத்துக்கு மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ளத் தெரிகிறது. என்ன உடம்புடா உனக்கு, ரம்பம்?

கூண்டுக்குள் கையை விட்டேன். விரலை நக்கினான். நாக்கு வெள்ளையாக, குளிர்ந்து இருந்தது.

ஜூன் 19, வியாழன்

நான் கேட்காமலேயே முதலாளி லீவு கொடுத்தார். அதுவும் பயமாக இருக்கிறது. முதலாளியே நல்லவராக நடந்துகொண்டால் நிலைமை எவ்வளவு மோசம்!

ஜூன் 20, வெள்ளி

குறையவில்லை. ஏறவும் இல்லை. டாக்டர் "ம்" என்றார். அந்த "ம்" நல்லதா கெட்டதா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, வட்டம் வட்டமாகத் தெரிந்தது. "நடுவுல கொஞ்சம் பெருசா, நீலம் கலந்த மாதிரி இருக்குல்ல, அதெல்லாம் புதுசாப் பிறந்த செவப்பு அணு. எலும்புக்குள்ள வேலை நடக்குது. பிறக்கறது நொறுங்கறதத் தாண்டிடுச்சு." உப்புத் தண்ணீர் விட்டும் ஆட்டிக் காட்டினார். ஒரு மூலையில் மட்டும் மணல் மாதிரி இருந்தது. மற்ற இடத்தில் ரத்தம் ரத்தமாகப் பரவியது.

வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றார். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. இங்கே டாக்டர் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் யார் பார்ப்பது? நானா? என் கண்ணை நம்பியா?

ஜூன் 23, திங்கள்

ஷேடு பெட்டியை லேபில் முதலாளி மேசை மேல் வைத்தேன். "நான்தான் எடுத்தேன்" என்றேன்.

பெட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஊர்ல இருக்கற பல் டாக்டரை எல்லாம் திருடன் மாதிரிக் கேட்டுத் தொலைச்சிட்டேனே! எதுக்கு எடுத்த?"

எதற்கு என்று சொன்னேன். பல்பையும் சொன்னேன். கத்துவார், இருபது வருஷத்துக்கும் சேர்த்துக் கத்துவார் என்று நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அம்மாவுக்கு நானே செட் பண்ணினேன். அவங்க முகம் வத்தினது செட் போட்ட அன்னைக்கு என் கண்ணுக்குத் தெரியல. எல்லாரும் சொன்னாங்க, எனக்குத் தெரியல" என்றார். பிறகு வழக்கமான குரலில், "சொந்தத்துக்கு ஷேடு பாக்கக் கூடாது. நாளைக்குக் காலையில நான் வரேன்" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

வந்தார். வாசல் வெளிச்சத்தில் ரம்பத்தை என் மடியில் வைத்துக்கொண்டு உதட்டைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். முதலாளி துண்டை வைத்தார், எடுத்தார், வைத்தார்.

"ஒண்ணு. ஒண்ணுதான். இழுத்துப் புடிச்சாலும் ரெண்டு இல்ல."

முன்பு எனக்குக் கிடைத்த மூன்றுகளில் ஒன்றுகூட இந்த ஒன்றுக்கு ஈடாகாது. இது உண்மையான ஒன்று.

பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். லேபுக்குப் புது ஷேடு பெட்டி வந்துவிட்டதாம். "பழசு வீட்லயே இருக்கட்டும். காலையில மட்டும் பாரு. ஞாயித்துக்கெழமை நான் சரி பாப்பேன்."

ஜூலை 4, வெள்ளி

ஸ்டீராய்டு வேலையைக் காட்டுகிறது. பானை பானையாகத் தண்ணீர் குடித்துவிட்டு நடு வீட்டில் போகிறான். பசி வெறி பிடித்த மாதிரி. வயிறு மட்டும் உப்பி, கால்கள் குச்சியாகிவிட்டன. தட்டை நக்கி முடித்ததும் மறுபடி படுத்துக்கொள்கிறான். எதையும் கடிப்பதில்லை. நாற்காலி, மிதியடி, துடைப்பம் எல்லாம் பத்திரம். வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

இவருடைய செருப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். முகர்ந்தான். மோவாயை அதன் மேல் வைத்துத் தூங்கிப்போனான்.

ஜூலை 12, சனி

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். ஸ்டீராய்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். குறைக்கும்போதுதான் பழையபடி அடி ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார். உதட்டைத் தூக்காமல் இருந்துவிடலாமா என்று தோன்றும் நாளில் கட்டாயம் தூக்குகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

முதலாளி குண்டனோடு வந்தார். குண்டன் ரம்பத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் துரத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்தது. "தன் ரத்தம்னு தெரிஞ்சிடுச்சு போல" என்றார் முதலாளி. சிரித்தேன். எத்தனை நாளாயிற்று!

ஜூலை 22, செவ்வாய்

இன்று மறுபடி ஒன்று. நேற்று இரண்டு.

அப்படியே டாக்டரிடம் ஓடினேன். அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். பஞ்சு வைத்ததும் நின்றுவிட்டது, அதை நான் கவனித்தேன். அளவு குறையவில்லை. மழை மேகம் மூடின காலையில் பார்த்தால் நிறம் அப்படித்தான் தெரியும் என்று டாக்டரே சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. "இப்படிப் பயந்து வந்தீங்கன்னா நான் கோச்சுக்க மாட்டேன்" என்றார். "வராம இருந்தாத்தான் கோச்சுப்பேன்."

ஜூலை 27, ஞாயிறு

இரண்டு. முதலாளியும் இரண்டு என்றார். ஸ்டீராய்டு இன்னும் குறைந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு. ஸ்டீராய்டை நிறுத்தும் நாள் பக்கத்தில் வருகிறது. நிறுத்தினால் என்ன ஆகும்? காவல் விழித்துக்கொண்டு, பழைய கோபம் ஞாபகம் வந்து, மறுபடி சொந்த வீட்டையே இடிக்க ஆரம்பித்தால்? இவரிடம் கேட்டேன். "அதுக்கும் இந்நேரம் புத்தி வந்திருக்கும்மா" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் எழுந்ததும் பெட்டி ஜன்னலோரத்தில் இல்லை. கீழே தரையில் மூடி திறந்து கிடந்தது. பல் கொத்து ஒரு பக்கம், ஈறுக் கொத்து ஒரு பக்கம். கொத்தில் மூன்றாம் எண் மட்டும் இல்லை.

மேசைக்கு அடியில் ரம்பம். முன்னங்கால்களுக்கு நடுவில் சிவப்புத் துணுக்குகள்.

எனக்கு மறுபடி உயிர் போய் வந்தது. முழுங்கியிருந்தால்? வாயைத் திறந்து விரலை விட்டுத் தோண்டினேன். உறுமினான். என்னைப் பார்த்து உறுமினான்! தரையில் உட்கார்ந்து துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உடைந்த செட்டை ஒட்டுவதற்கு முன்னால் பொருத்திப் பார்ப்போமே, அப்படிப் பொருத்தினேன். ஒரு மூலை குறைந்தது. அவன் மோவாய்க்கு அடியில் எச்சிலோடு ஒட்டியிருந்தது. வைத்தேன். முழுசாயிற்று. கோரைப் பல் இறங்கின பள்ளம் நடுவில் ஆழமாக இருந்தது.

அப்போது இவர் போன். "இன்னைக்கு என்ன நம்பரு?"

துணுக்குகளைக் கையில் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் போன் முன்னால் நீட்டினேன். காலை வெயில் உள்ளே வந்திருந்தது.

கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முகத்தைப் போனுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"ஏம்மா," என்றார், "என் செருப்ப எடுத்து மேல வையி."

வைக்கவில்லை. வாசலிலேயேதான் கிடக்கிறது.